16:8 விரத டயட் நம்ம ஊர் சாப்பாட்டுக்கு ஒத்து வருமா?

கேள்வி, ஜனவரி 9, 2025, மாலை 6:15
வயசு 34, எடை 88, தேவகோட்டை. வீட்ல உக்காந்தே ஐடி வேலை. ஜிம் மாஸ்டர் 16:8 பண்ணுங்கன்னு ஒரே புடியா புடிக்கிறாரு. மதியம் 12ல இருந்து ராத்திரி 8 வரைக்கும் மட்டும் சாப்பாடு, மத்த 16 மணி நேரமும் தண்ணிதான். ஆத்தா காலையில வெறும் வயித்தோட கெடந்தா அல்சர் வந்துரும்னு பயப்படுறாக. நம்ம ஊர் சாப்பாட்டை வச்சுக்கிட்டு இதை யாராச்சும் நெசமா செஞ்சு பாத்திருக்கீங்களா? காபி குடிக்கலாமா?

ஜனவரி 9, இரவு 10:40
செஞ்சிருக்கேன் தம்பி, இப்பவும் செய்யிறேன், ஆனா உங்க மாஸ்டர் சொல்ற நேரத்துல இல்ல. நான் காரைக்குடி, வீட்லயே பலகாரம் போட்டு டின்ல அடைச்சு சென்னை, மலேசியா, சிங்கப்பூருன்னு அனுப்புற வேலை. மூணு மாச சுகர் டெஸ்ட்ல 6.1 வந்துச்சு, அதாவது பார்டர். என்னை மாதிரி பார்டர்ல நிக்கிறவுக இந்தியாவுல 13.6 கோடி பேருன்னு ஐசிஎம்ஆர், அதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், 2023ல கணக்கு சொல்லிச்சு, அதனால தனியா வருத்தப்படல. போன ஆடில ஆரம்பிச்சேன், நடுவுல விட்டேன், திரும்ப புடிச்சேன்.

முதல்ல நானும் காலைச் சாப்பாட்டைத்தான் விட்டேன், எல்லாரும் அதானே சொல்றாக. பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருந்துச்சு. மதியம் ரெண்டு சோறு கூடப் போச்சு. நாலு மணிக்கு இடைப்பலகாரம், நம்ம வீட்ல நாலு மணிக்கு அடுப்பு சும்மா இருந்ததா சரித்திரமே கிடையாது, வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் "எட்டு மணி வரைக்கும் நேரம் இருக்குல்ல"ன்னு ஒரு தைரியத்துல உள்ள போச்சு. ராத்திரி எட்டுக்குள்ள முடிக்கணுமேன்னு ஏழே முக்காலுக்கு பசிக்காமயே இடியாப்பம். மணிக்கணக்கு என்னவோ சரியா 16:8தான், எடை அசையல. செட்டிநாட்டுல வயிறு பெருக்கறது காலை இட்லி இல்ல தம்பி, நாலு மணியும் ஒன்பது மணியும்தான்.

காபி: கடுங்காபி சர்க்கரை இல்லாம குடிக்கலாம். பாலும் சீனியும் போட்ட ஃபில்டர் காபி சாப்பாட்டுக் கணக்குத்தான், அரை டம்ளர்னாலும்.

ஆத்தாவுக்குச் சொல்லுங்க, அல்சருக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர்னு ஒரு கிருமியும், வலி மாத்திரைய கண்டபடி போடுறதும். பட்டினி கெடந்து புதுசா வராது. ஏற்கெனவே புண்ணு இருக்கறவுகளுக்கு வெறும் வயிறு எரியும், அது உண்மை.

ஜனவரி 10, காலை 9:05
இன்னைக்கு வைகுண்ட ஏகாதசி. அரியக்குடில சொர்க்கவாசல் பாத்துட்டு வந்தாச்சு, கூட்டம்னா கூட்டம். எங்க பக்கத்து வீட்டு ஆச்சி இன்னைக்கு முழுக்க தண்ணியோட சரி, நாளைக்குக் காலையில துவாதசி பாரணைக்கு அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய். கவனிச்சீங்களா, விரதம் முடிக்கறதுக்குன்னு ஒரு தனிச் சாப்பாடே வச்சிருக்காக. நம்ம டயட்காரங்க விரதத்தை எதை வச்சு முடிக்கிறாகன்னு பாத்தா பரோட்டா.

ஜனவரி 11, இரவு 11:20
"16 மணி நேரம் தாண்டினா ஆட்டோஃபேஜி ஆரம்பிச்சு கான்சர் செல்லை உடம்பே தின்னுரும், இதுக்கு நோபல் பரிசு குடுத்திருக்கான்"னு மேல ஒரு அண்ணே போட்டிருக்காரு. இந்த ஃபார்வர்டு எங்க சொந்தக்காரங்க குரூப்ல வாராவாரம் வருது. நோபல் குடுத்தது உண்மை, 2016ல, ஜப்பான்காரர் யோஷினோரி ஓசுமிக்கு. செல்லு தனக்குள்ள சேந்த கழிவை எப்படி உடைச்சு திரும்பப் பயன்படுத்துதுன்னு கண்டுபுடிச்சதுக்கு, அதுக்குப் பேருதான் ஆட்டோஃபேஜி. அந்த முக்கிய வேலைய அவர் செஞ்சது ஈஸ்ட்ல, ரொட்டி மாவு பொங்க வைக்கிற அதே ஈஸ்ட்டு. 16 மணி நேரம்னு அவர் எங்கயும் சொல்லல, டயட்டும் எழுதிக் குடுக்கல. மனுஷ உடம்புல எத்தனை மணிக்கு அது எவ்வளவு நடக்குதுன்னு சாதாரண ரத்த டெஸ்ட்ல பாக்கவும் முடியாது. கான்சர் இருக்கறவுக யாரும் இதை நம்பி பட்டினி கெடக்காதீங்க, மருந்து எடுக்கற நேரத்துல உடம்புல சத்து இருக்கணும்.

இன்னொண்ணு, முதல் வாரமே ரெண்டு கிலோ போச்சுன்னு சொல்றவுகளுக்கு. கல்லீரல்லயும் தசையிலயும் கிளைக்கோஜன்னு சர்க்கரை இருப்பு இருக்கும், ஒவ்வொரு கிராமோடயும் மூணு கிராம் அளவுக்குத் தண்ணி சேந்து நிக்கும். இருப்பு கரையும்போது அந்தத் தண்ணியும் போகும். ரெண்டு நாள் நல்லாச் சாப்பிட்டா வந்துரும். எனக்கும் போச்சு, தீவாளிக்கு வந்துருச்சு.

ஜனவரி 12, பிற்பகல் 3:30
கடை இன்னைக்கு லீவு, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன், பொறுத்துக்கங்க.

இதை ஆராய்ச்சி பண்ணியே பாத்திருக்காக. 2020ல சான் பிரான்சிஸ்கோல 116 பேரை வச்சு 12 வாரம், ஒரு பாதிப் பேருக்கு மதியம் 12 முதல் ராத்திரி 8 வரை, உங்க மாஸ்டர் சொன்ன அதே நேரம்தான் தம்பி, மறுபாதிக்கு வழக்கம்போல மூணு வேளை. விரதக்காரங்களுக்கு கொறஞ்சது சராசரியா 0.94 கிலோ, மூணு வேளைக்காரங்களுக்கு 0.68. இதுக்கா இந்தப் பாடு? அதுலயும் விரதக்காரங்களுக்கு கொழுப்பு மட்டும் போகல, தசையும் சேந்து போயிருக்குமோன்னு அவுகளே சந்தேகப்பட்டு எழுதியிருக்காக.

அப்புறம் 2022ல சீனாவுல, குவாங்சோல, குண்டா இருக்கற 139 பேரு, ஒரு முழு வருஷம். எல்லாருக்கும் கலோரிய கொறச்சாச்சு, அதுல பாதிப் பேரு மட்டும் காலை 8ல இருந்து சாயந்தரம் 4க்குள்ள சாப்பிடணும். நேரம் பாத்தவுகளுக்கு 8 கிலோ, பாக்காதவுகளுக்கு 6.3 கிலோ. வித்தியாசம் இருக்கற மாதிரித்தான் தெரியுது, ஆனா கணக்குப்படி தற்செயலா இருக்கலாம்னு சொல்லிட்டாக. ரெண்டு கூட்டமும் இளைச்சதுக்குக் காரணம் கம்மியாத் தின்னது.

எனக்குப் புடிச்சது மூணாவது. 2018ல அமெரிக்காவுல வந்தது, சுகர் பார்டர்ல இருக்கற ஆம்பளைங்க எட்டே எட்டு பேரு, அஞ்சு வாரம், ஒரு நாள் சாப்பாட்டை ஆறு மணி நேரத்துக்குள்ள, மதியம் 3 மணிக்கு முன்னாடி முடிச்சிரணும். வேணும்னே எடை கொறையாத அளவுக்கு சாப்பாடு குடுத்துட்டாக. எடை கொறையாமயே இன்சுலின் ஒழுங்கா வேலை செஞ்சுச்சு, பிரஷரும் இறங்குச்சு. எட்டு பேரை வச்சு உலகத்துக்கே தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனாலும் சாயந்தரத்துக்கு மேல அதே சோத்துக்கு சர்க்கரை கூட ஏறுதுங்கறது தனியாவே தெரிஞ்ச விஷயம். அதனாலதான் சொல்றேன், காலையில சாப்பிடுங்க, மதியம் நல்லா சாப்பிடுங்க, ராத்திரிய சீக்கிரம் மூடுங்க.

மதியம் மூணு மணிக்கு சாப்பாட்டை முடிக்கற குடும்பம் காரைக்குடில எங்க இருக்குன்னு கேக்காதீங்க. சித்தன்னவாசல் குகையில இருந்த சமணர்களுக்கு வேணா சரிப்பட்டு வந்திருக்கும்.

ஜனவரி 17, இரவு 9:50
பொங்கல் முடிஞ்சு தை மொத முகூர்த்தத்துக்கு ஆர்டர். ரெண்டாங்கட்டுல ரெண்டு அடுப்பு, காலையில அஞ்சு மணிக்கே எண்ணெய் வச்சாச்சு. விரதம் இருக்கற பலகாரக்காரிக்கு வர்ற சிக்கல் எந்த யூடியூப்லயும் இல்ல, அதை எழுதுறேன்.

மணகோலத்துக்கு பாகு வைக்கறப்ப நாக்கு தேவையில்ல, ஒரு சொட்டை தண்ணில விட்டு உருட்டிப் பாத்தா பதம் தெரிஞ்சுரும். தேன்குழலுக்கு எண்ணெய்க் காய்ச்சல் பாக்கவும் ஒரு துளி மாவைப் போட்டா போதும், உடனே மேல வரணும். வெந்துச்சான்னு காதே சொல்லிரும், சலசலப்பு அடங்கி நுரை கொறைஞ்சா எடுத்துரலாம். உப்பு மட்டும் அப்படி இல்ல. பச்சை மாவை ஒரு கிள்ளு நாக்குல வச்சாகணும், அப்புறம் மொத ஈடு எடுத்ததும் ஒரு முறுக்கு ஓரத்தை ஒடச்சு வாயில போட்டாகணும், ஆறினதும் உப்பு ஒரு மாதிரி தெரியும், அதனால ஆறினதும் ஒண்ணு. இது தேன்குழலுக்கு. அடுத்து சீப்பு சீடை. அடுத்து கைமுறுக்கு. இப்படி ஒடச்சு ஒடச்சு வாயில போட்டதை ஒரு நாள் வேணும்னே ஒரு கிண்ணத்துல தனியா எடுத்து வச்சுப் பாத்தேன், கிண்ணம் தளும்ப நின்னுச்சு. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி. அந்தக் கிண்ணத்துல எத்தனை கரண்டி எண்ணெய் குடிச்சிருக்கும்னு யோசிச்சதுல எனக்கு பசியே போச்சு.

விரதத்துல எனக்கு நெசமா கெடைச்ச லாபம் இதுதான். "இப்ப சாப்பிடற நேரம் இல்ல"ன்னு ஒரு கோடு கிழிச்சதும், வாய் சும்மா அரைச்சுக்கிட்டு இருக்கறது கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. இப்ப ருசி பாக்கற வேலை மாமியார்க்கு.

ஜனவரி 18, காலை 7:30
மாமியார் இதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, "எனக்கு மட்டும் கலோரி கெடையாதா"ன்னு கேக்குறாக. 79 வயசு, சுகர் கெடையாது, ராத்திரி ரெண்டு இட்லி, ஆறரைக்கு. வாழ்நாள் முழுக்க சஷ்டி, கார்த்திகை, சோமவாரம்னு ஒருபொழுது இருந்தவுக. பிள்ளையார் நோன்பு அன்னைக்கு ராத்திரி இழை எடுத்துத்தான், அதாவது மாவுல நூல் திரிய வச்சு ஏத்தி வாயில போட்டுத்தான், விரதத்தை முடிப்பாக, சுடரோட அந்த இழைமாவை வாயில போடுறப்ப அவுக முகத்தைப் பாக்கணும். அவுகளுக்கு விரதம்னா எடை ஞாபகமே வராது. எனக்கு காலையில எந்திரிச்சதும் எடை மெஷின் ஞாபகம்தான், அதுவும் ஒரு தொல்லை.

பிப்ரவரி 3, இரவு 10:15
மாத்திரை போடறவுக இதை மட்டுமாவது படிங்க.

எங்க அப்பச்சிக்கு சுகர், கிளிமெபிரைடு போடுறாக. நான் சாப்பாட்டு நேரத்தை மாத்தினதைப் பாத்துட்டு, யார்கிட்டயும் சொல்லாம தானும் ஒரு நாள் ஆரம்பிச்சுட்டாக. காலை மாத்திரைய வழக்கம்போல போட்டாச்சு, பலகாரம் சாப்பிடல. பத்தரை மணிக்கு முகப்புல திண்ணையில உக்காந்திருந்தவுகளுக்கு சட்டை நனையற அளவு வேர்வை, கை நடுக்கம், பேச்சு கொழறுது. ஆத்தாதான் உடனே மூணு ஸ்பூன் சீனிய தண்ணில கரைச்சுக் குடுத்தாக. கால் மணி நேரத்துல தெளிஞ்சாக, அப்புறம் சோறு. சுகர் மெஷின்ல பாத்தப்ப 58.

இந்த மாத்திரை வகை, நீங்க சாப்பிட்டாலும் சாப்பிடாட்டாலும் இன்சுலினைச் சுரக்க வச்சுரும். இன்சுலின் ஊசிக்கும் அதே ஆபத்து. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும்னா சுகர் அவ்வளவா இறங்காது. டாபாக்ளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரைய சிறுநீர்ல தள்ளுற மாத்திரைல வேற பயம், பட்டினி கெடந்தா ரத்தத்துல கீட்டோன்னு ஒரு அமிலம் ஏறி ஆளைச் சாய்க்கலாம், சுகர் மெஷின்ல பெருசா காட்டக்கூட காட்டாது. ரம்ஜான் நோன்பு இருக்கற சுகர்காரங்களுக்கு மாத்திரைய எப்படி, எந்த வேளைக்கு மாத்தணும்னு டாக்டர்களுக்கு தனி வழிகாட்டியே இருக்கு. அதனால தயங்காம போயி, இன்ன நேரம் சாப்பிட மாட்டேன்னு சொல்லிக் கேளுங்க. கர்ப்பமா இருக்கறவுக, பால் குடுக்கறவுக, வளர்ற புள்ளைங்க, சாப்பாட்டுமேல ஏற்கெனவே பயமோ வெறியோ இருக்கறவுக, இந்தப் பக்கமே வர வேண்டாம்.

பிப்ரவரி 12, காலை 11:00
பழனி நடைப்பயணம் போயிட்டு வந்த அண்ணே ஒருத்தர், "குன்றக்குடில இருந்து பழனி வரைக்கும் நடந்தும் ஒரு கிலோ கூட கொறையலையே"ன்னு கேட்டிருக்காரு. அண்ணே, வழி நெடுக அன்னதானம்! ஒரு ஊர்ல பொங்கல், அடுத்த ஊர்ல பானகம், அதுக்கு அடுத்தது கேசரி, வேண்டாம்னு சொன்னா முருகன் கோவிச்சுக்குவாரு. நடந்த காலுக்கு புண்ணியம், வயித்துக்கு இல்ல.

பிப்ரவரி 27, மாலை 5:40
சிவராத்திரி முழிச்சதுல இன்னைக்கு ஒரு நெலையில இல்ல. நேத்து ஒண்ணும் சாப்பிடல, ராத்திரி தூக்கமும் இல்ல, இன்னைக்குக் காலையில இருந்து இனிப்பா எதைப் பாத்தாலும் கை போகுது. கந்தரப்பம் மூணு. தூக்கம் கெட்டா பசி கூடும்னு சொல்றது எவ்வளவு உண்மைன்னு இன்னைக்குப் பாத்தேன். தூங்காம விரதம் இருக்கறதை சாமிக்கு வேணா செய்யலாம், இடுப்புக்கு பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணும் தோணுது. ஜனவரில நான் எழுதினதைத் திரும்பப் படிச்சேன், அதுல ராத்திரிய மூடுங்கன்னு சுலபமா சொல்லிட்டேன். ஆனா எங்க வீட்டுக்காரர் கடைய பூட்டிட்டு ஒன்பதுக்கு வர்றாரு, மக ட்யூஷன்ல இருந்து எட்டரைக்கு. மூணு பேரும் சேந்து உக்கார்ற ஒரே வேளை அது. நான் ஆறரைக்கு தனியா ரெண்டு தோசைய முழுங்கிட்டு, அவுக சாப்பிடறப்ப தட்டு வச்சுக் குடுத்துக்கிட்டு நிக்கிறேன். மக ஒரு நாள் "நீங்க விருந்தாளி மாதிரி நிக்கிறீங்க"ன்னுட்டா. எடை தராசுல இது ஏறாது, ஆனா இதுவும் ஒரு கணக்குத்தான். இப்ப அவுக கூட உக்காந்து சாதம் வடிச்ச நீரோ மோரோ ஒரு டம்ளர் வச்சுக்கறேன். விரதச் சட்டப்படி அது தப்பு. போகட்டும்.

அதே மாதிரி 16ங்கற நம்பரையும் விட்டாச்சு. காலை ஏழு ஏழரைக்கு இட்லி, ஆறரைக்கு சாயந்தரச் சாப்பாடு, நடுவுல நாலு மணி பலகாரத்துக்கு பதிலா அவிச்ச பயறு, இல்லேன்னா ஒண்ணுமில்ல. ராத்திரி 12, 13 மணி நேரம் வயித்துக்கு ஓய்வு. இதுக்கு யாரும் பேர் வைக்கல, நம்ம பாட்டி காலத்துல கரண்ட் வர்றதுக்கு முன்னாடி எல்லாரும் இப்படித்தான் இருந்திருப்பாக.

மார்ச் 20, இரவு 8:55
"16:8 பண்ணினா மாரடைப்புல சாவு 91 சதவீதம் கூடும்"னு போட்டு என்னைக் கூப்பிட்டிருக்காக. பழைய செய்தி, போன வருஷம் மார்ச்ல அமெரிக்க இதயச் சங்கத்து கூட்டத்துல சொன்னது. இருபதாயிரம் பேருக்கு மேல, ஆனா சும்மா ரெண்டு நாள் என்ன சாப்பிட்டீங்கன்னு கேட்ட பழைய கணக்கை எடுத்து, பின்னாடி யாரு எதுல இறந்தாகன்னு பொருத்திப் பாத்தது. அந்த ரெண்டு நாள் எட்டு மணி நேரத்துக்குள்ள சாப்பிட்டவர், டயட்டுக்காக சாப்பிடாம விட்டாரா, நைட் ஷிப்ட்டா, முடியாம படுத்திருந்தாரான்னு யாருக்குத் தெரியும்? அதை வச்சு விரதம் கொல்லும்னு சொல்ல முடியாது. காப்பாத்தும்னும் யாரும் நிரூபிக்கல. நோபல் ஃபார்வர்டை அனுப்பின அதே அண்ணேதான் இதையும் அனுப்பியிருக்காரு, அதான் சிரிப்பு.

ஏப்ரல் 6, பிற்பகல் 2:10
மூணு மாச சுகர் டெஸ்ட் திரும்பப் பாத்தேன், 6.1 இருந்தது இப்ப 5.8. எடையும் கொஞ்சம் எறங்கியிருக்கு, ரவிக்கை தொளதொளங்குது. இதை விரதத்துக்கு எழுதி வைக்க மனசு வரல. நடுவுல சாயந்தரம் அழகப்பா காலேஜ் பக்கம் நடை, ருசி பாக்கறதை நிறுத்தினது, காபில சீனி போனது, எல்லாம் ஒரே நேரத்துல நடந்துச்சு. எதுக்கு எவ்வளவு பங்குன்னு பிரிச்சுப் பாக்கணும்னா என்னை மாதிரி இன்னும் பத்து பேரு வேணும்.

தேவகோட்டைத் தம்பி, நீங்க மூணு மாசம் மாஸ்டர் சொன்னபடியே இருந்து ஏழு கிலோ கொறைச்சதுக்கு சந்தோஷம், நான் சொன்னதைக் கேக்கலேங்கறதும் தெரியுது, பரவால்ல, உங்களுக்கு 34, எனக்கு 47. ஆனா முடி கொத்துக் கொத்தா வருதுன்னு எழுதியிருக்கீங்களே, வேகமா எடை எறங்கினா ரெண்டு மூணு மாசம் கழிச்சு அப்படிக் கொட்டும், பெரும்பாலும் திரும்ப வந்துரும். ரெண்டே வேளைல உங்களுக்கு வேண்டிய புரதம் போகுதான்னு பாருங்க. கோழிக் குழம்புல நாலு கரண்டி சாறை ஊத்திச் சாப்பிட்டுட்டு கறி சாப்பிட்டேன்னு சொல்லக்கூடாது, துண்டைச் சாப்பிடணும். முட்டை, பயறு, தயிர். ஜிம்ல எடை தூக்கறதை விட்றாதீங்க, இல்லேன்னா போறது கொழுப்பா தசையான்னு தெரியாது. வலது பக்க விலாவுக்குக் கீழ வலி வந்தா வாயுன்னு விட்றாம ஸ்கேன் எடுங்க, வேகமா இளைக்கறவுகளுக்கு பித்தப்பைல கல் சேரும்.

ஏப்ரல் 6, பிற்பகல் 2:25
விட்டுப்போச்சு. கவுனி அரிசி டயட்டுக்கு நல்லதாமே, ஒரு கிலோ அனுப்புங்கன்னு கேட்டிருந்தீங்க. கறுப்புத் தோல்ல ஆந்தோசயனின்னு ஒரு நிறச்சத்து இருக்கறது நெசந்தான். ஆனா உங்க ஆத்தா அதை வச்சு செய்யப்போறது சீனியும் தேங்காயும் நெய்யும் போட்ட கவுனி அரிசிதானே? அது விருந்துக்கு வைக்கற இனிப்பு தம்பி. அரிசி திங்கக்கிழமை பார்சல்ல வரும், வேக நேரமாகும், மொத நாள் ராத்திரியே ஊற வைக்கச் சொல்லுங்க. சாப்பிடறதா இருந்தா மதியச் சோத்துக்கு பதிலா ஒரு கிண்ணம், சோத்துக்கு மேல இல்ல.